டயரெக்டர்மாருக்கு முன்னால டேட்டாவக் கதைக்கிறது: தம்பி தங்கச்சிமார் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

வந்தாறுமூலையிலயும் ஒலுவில்லயும் கெம்பஸ் முடிச்சிட்டு ரைஸ் மில், லீசிங் கொம்பனி, ஹோட்டல், துணிக்கடை எண்டு இந்தப் பக்கமே டேட்டா வேலைக்குச் சேர்ந்திருக்கிற புள்ளைகளுக்காக எழுதுறன். கோட் எழுதுறதில ஒருத்தருக்கும் பெரிய பிரச்சினை இல்ல. மாட்டுற இடம் எல்லாருக்கும் ஒண்டுதான், எல்லாம் முடிச்சிட்டு பெரியாக்களுக்கு முன்னால போய் நிக்கிற அந்த அரை மணித்தியாலம். என்னட்ட திரும்பத் திரும்பக் கேக்கிறதத்தான் இங்க போட்டிருக்கன். மில், லீசிங், ஹோட்டல் உதாரணங்கள்ல வாற இலக்கம் எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டது.

அக்கா, பேச்ச எதில இருந்து தொடங்குற?

முடிவில இருந்து. கெம்பஸ்ல எங்களுக்குப் பழக்கினது நேர்மாறு, முதல் அறிமுகம், மறுகா டேட்டா எங்க எடுத்தது, மறுகா என்ன முறை, கடைசியா முடிவு. வைவாக்கு அது சரி, ஏனெண்டா அங்க மார்க்ஸ் போடுறது நீங்க என்ன செஞ்சீங்க எண்டதுக்கு. மில் முதலாளிக்கு நீங்க என்ன செஞ்சீங்க எண்டதில ஒரு அக்கறையும் இல்ல, அவர் என்ன செய்யணும் எண்டதுதான் அவருக்கு வேணும்.

சம்மாந்துறைப் பக்கம் ஒரு மில்லில நெல்லு வாங்குற விசயத்தக் கதைக்கிறீங்க எண்டு வைங்க. "ஹாஜியார், நாங்க 2015 தொடக்கம் கிழமைக் கிழமை விலைய எடுத்து டைம் சீரிஸ் மொடல் ஒண்டு ஓட்டினம்" எண்டு தொடங்கினா அவர் போனக் கையில எடுத்திடுவார். இப்பிடித் தொடங்கிப் பாருங்க: "ஹாஜியார், பெரும்போக அறுவடையிலயே கூடுதலா நெல்லு வாங்கி வைச்சா, மே மாசத்துக்குப் புறகு வெளியில வாங்குறத விட மூடைக்கு 400 ரூபா மிச்சம், களஞ்சிய வாடகையும் வட்டியும் கழிச்சுத்தான் சொல்லுறன், ஆனா அதுக்கு இன்னொரு களஞ்சியம் 4 மாசத்துக்கு எடுக்கணும், எடுக்கிறதா இல்லையா எண்டு இண்டைக்கு நீங்க சொல்லணும்." இதில காசு இருக்கு, செலவு இருக்கு, அவரிட்ட என்ன கேக்கிறீங்க எண்டதும் இருக்கு. அவர் உடனே "எந்தக் களஞ்சியம்?" எண்டு கேப்பார், அப்ப உங்கட மீட்டிங் தொடங்கிட்டு.

ஸ்லைட் திறக்க முதல் இந்த மாதிரி ஒரு வசனத்தக் கொப்பியில எழுதிப் பாருங்க. எழுத வரல்லியெண்டா ஸ்லைட்டில கை வைக்காதீங்க, அனலைசிசே இன்னும் முடியல்ல.

எத்தின ஸ்லைட்?

எத்தின எண்டாலும் பரவால்ல, முதல் ரெண்டோட கரண்ட் போனாலும் முடிவெடுக்க ஏலும் எண்டா போதும். மிச்சத்தக் கடைசியில போட்டு வைங்க, ஆராவது கேட்டாத் திறங்க.

அப்ப மொடலப் பத்தி, அதான் பழைய டேட்டாவப் பாத்துக் கணிக்கிற அந்தப் புரோகிராமப் பத்தி, கதைக்கவே வேணாமா? ரெண்டு மாசம் கஷ்டப்பட்டனே.

கஷ்டம் விளங்குது புள்ள. ஆனா அந்த ரெண்டு மாசத்துக்கு உங்களுக்குச் சம்பளம் வந்திட்டு.

சொல்ல வேண்டியது ஒரு வசனம்: எதப் பாத்து இந்த முடிவுக்கு வந்திருக்கு. லீசிங் கொம்பனியில ஆர் தவணைய நிப்பாட்டுவாங்க எண்டு கணிக்கிற மொடல் எண்டா, "பழைய தவணை கட்டின விதம், கட்டின திகதி, எந்தத் தொழில் எண்டது, இந்த மூண்டத்தான் கூட நம்பியிருக்கு" எண்டு சொன்னாப் போதும், மொடல் வகை ரேண்டம் ஃபொரஸ்டா எக்ஸ்ஜீபூஸ்டா எண்டது ஒருத்தருக்கும் தேவையில்ல. ஆனா ஒண்டு, ஃபைனான்ஸ் டயரெக்டர் சில நேரம் ஆழமாக் கேப்பார், அவருக்கு மறுமொழி சொல்ல ஆயத்தமாப் போங்க. அதோட "முக்கிய காரணி" எண்டு மொடல் காட்டுற பட்டியலக் காரணம் எண்டு வாய்தவறியும் சொல்லிடாதீங்க. மீன் வியாபாரி தவணை பிந்திக் கட்டுறார் எண்டு மொடல் சொன்னா அது மீன் வியாபாரத்திட குற்றமில்ல, வாடைக் காலத்தில கடலுக்குப் போகாத மாசத்தில தவணைத் திகதி விழுந்திருக்கலாம், அத மாத்தினாலே பாதி சரிவரலாம். இந்த மாதிரி விசயம் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு எங்கள விடக் கூடத் தெரியும், கேட்டாச் சொல்லுவாங்க.

என்ட மொடல் 94 வீதம் சரி எண்டு சொன்னன், ஒருத்தரும் அசையல்ல. ஏன்?

ஏனெண்டா 94 எண்டது என்னத்தில 94 எண்டு அவங்களுக்கு விளங்கல்ல, பாதிப் பேர் அது சோதினை மார்க்ஸ் மாதிரி நல்ல மார்க்ஸ் எண்டு நினைச்சிருப்பாங்க, மற்றப் பாதி 100 வர என்ன தடை எண்டு யோசிச்சிருப்பாங்க.

இதக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன், கூடப் பிழைக்கிற இடம் இது. லீசிங் கொம்பனி ஒண்டில 1000 பேர் ஓட்டோவும் மோட்டார்சைக்கிளும் எடுத்திருக்காங்க, அதில 50 பேர் தவணைய நிப்பாட்டப் போறாங்க எண்டு வைங்க. நான் ஒரு மொடலும் போடாம, கண்ண மூடிக்கொண்டு "எல்லாரும் கட்டுவாங்க" எண்டு சொன்னா 1000ல 950 பேருக்கு நான் சொன்னது சரி. அக்குரசி, அதான் சரியாச் சொன்ன பங்கு, 95 வீதம்! உங்கட மொடல் 80 பேரக் காட்டுது, அதில 35 பேர் உண்மையாவே நிப்பாட்டப் போறவங்க, 45 பேர் ஒழுங்காக் கட்டுற ஆக்கள், 15 பேரப் பிடிக்காம விட்டிட்டு. கணக்குப் பாருங்க, சரியாப் பிடிச்ச 35உம், கட்டுவாங்க எண்டு சரியாச் சொன்ன 905உம் சேர்ந்து 940, அதாவது 94 வீதம். ஒண்டுமே செய்யாத என்னைய விட ஒரு வீதம் குறைவு, ஆனா கொம்பனிக்கு உதவுறது உங்கட மொடல்தான், என்ட வாய்ச்சொல் இல்ல.

அதால வீதத்தத் தூக்கி வைச்சிட்டு ஆக்கள எண்ணிச் சொல்லுங்க. "சேர், 1000 பேர்ல 50 பேர் நிப்பாட்டுவாங்க. இந்த 80 பேருக்கு முன்கூட்டியே கோல் எடுத்தா அந்த 50ல 35 பேரப் பிடிக்கலாம். 45 பேருக்குத் தேவையில்லாமக் கோல் போகும். 15 பேர் தப்பும்." ஜேர்மனியில கேர்ட் கிகரென்சர் எண்ட உளவியல் ஆய்வாளர் டொக்டர்மாரையே வைச்சு இதப் பாத்திருக்கார், வீதத்தில சொன்னாக் குழம்புறவங்க அதே விசயத்த "இத்தின பேர்ல இத்தின பேர்" எண்டு சொன்னா நல்லாப் பிடிச்சிட்டாங்க. டொக்டர்மாருக்கே அப்பிடியெண்டா மற்றாக்களச் சொல்ல என்ன இருக்கு.

ஆக்களாச் சொன்னதுக்குப் புறகு காசாச் சொல்லுங்க. ரெண்டு பிழையும் ஒரே விலை இல்ல. தப்பிப் போற ஒரு ஓட்டோவ இழுத்துக் கொண்டு வந்து ஏலம் போடுறதில கொம்பனிக்கு எவ்வளவு நட்டம்? ஒழுங்காக் கட்டுற மனிசனுக்கு "தவணை கட்டுவீங்களா" எண்டு கோல் எடுத்து, அந்தாள் கோவிச்சுக் கொண்டு அடுத்த வண்டிய வேற கொம்பனியில எடுத்தா எவ்வளவு நட்டம்? இந்த ரெண்டு இலக்கமும் உங்களுக்குத் தெரியாது, டயரெக்டருக்குத் தெரியும். அவரிட்டயே கேளுங்க. கேட்ட உடன அவரும் அந்தக் கணக்குக்குள்ள வந்திடுவார், அதுக்குப் புறகு 80 பேர் போதுமா 120 பேருக்குக் கோல் எடுக்கிறதா எண்டு தீர்மானிக்கிறது அவர். எடுக்க வேண்டியதும் அவர்தான்.

பழைய டேட்டாவ வைச்சுச் சொன்னா "அந்த வருசம் வேறம்மா" எண்டு தட்டிவிடுறாங்க. என்ன செய்ய?

தட்டிவிடுறது சரிதானே. எங்கட நாட்டில ஒரு சாதாரண வருசத்தக் காட்டுங்க பாப்பம். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, மட்டக்களப்பில சீயோன் தேவாலயத்தில அத்தின உயிர் போச்சு, அதோட பாசிக்குடாவும் அறுகம்பேயும் அந்த சீசன் வெறிச்சோடிப் போச்சு. 2020, 21 கொரோனா. 2021 மே மாசம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை, நவம்பர்ல எடுத்தாங்க, ஆனா அந்தப் பெரும்போக வேளாண்மை விளைச்சல் விழுந்திட்டு. 2022 பெற்றோல், டீசலுக்குக் கியூ, கியூஆர் கோட் வைச்சுப் பங்கீடு. இதுக்குள்ள மொடல விட்டு "கடந்த 5 வருசப் போக்கு" எண்டு ஒரு நேர்கோடு கீறினா சிரிக்காம என்ன செய்வாங்க.

இத நீங்களே முந்திச் சொல்லிடுங்க. சார்ட்டில அந்தக் காலத்துக்குச் சாம்பல் நிறம் அடிச்சு மேல எழுதுங்க, "பசளைத் தடை", "எண்ணெய்த் தட்டுப்பாடு" எண்டு. மறுகா எந்த வருசத்த விட்டீங்க, ஏன் விட்டீங்க, அதச் சேர்த்தா முடிவு மாறுதா எண்டு ஒரு வரி.

இன்னொரு பொறி விலைவாசி. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டம்பர்ல பணவீக்கம் 69.8 வீதம். அந்த வருசம் கடையில விற்பனை 10 மில்லியன்ல இருந்து 14 மில்லியனுக்குப் போச்செண்டு சேர்மன் சந்தோசப்பட்டா, அவர் வித்தது முந்தின வருசத்த விடக் குறைஞ்ச சாமான். பெறுமதி சேர் வரியும் (VAT) 2022ல 8 வீதத்தில இருந்து 12, 15, மறுகா 2024 தொடக்கத்தில 18 எண்டு ஏறினது, அது விலைக்குள்ள இருக்கா வெளியில இருக்கா எண்டு பாக்காம வருசத்துக்கு வருசம் ஒப்பிட ஏலா. அதால ரூபாவுக்குப் பக்கத்தில எப்பவும் எண்ணிக்கையும் வைங்க, மூடை, பக்கெட், அறை, லீட்டர், எதெண்டாலும். ரூபா ஏறி மூடை இறங்கினா அதுதான் அண்டைக்கு மீட்டிங்ல கதைக்க வேண்டிய விசயம்.

காத்தான்குடி, கல்முனைத் துணிக்கடைக்காரருக்கு இன்னொண்டு. நோன்புப் பெருநாள் வருசா வருசம் 10, 11 நாள் முன்னுக்கு வரும். 2022ல மே மாச ஆரம்பத்தில, 2025ல மார்ச் கடைசியில. சித்திரைப் புத்தாண்டு எப்பவும் ஏப்ரல் நடுவில. ஆக ஏப்ரலுக்கு ஏப்ரல் ஒப்பிட்டு "விற்பனை விழுந்திட்டு" எண்டு நீங்க சொன்னா, கடையில பில் போடுற பொடியனே சொல்லுவான் பெருநாள் முந்தின மாசத்தில எண்டு. இந்த வருசம் பெருநாளுக்கு முந்தின 4 கிழமைய, போன வருசம் பெருநாளுக்கு முந்தின 4 கிழமையோட ஒப்பிடுங்க.

எந்த டேட்டாவ விடலாம், எத விட ஏலா?

பிழைச்சத மட்டும் காட்டி, பிழைக்காதத விட ஏலா. இதுக்கு உலகத்திலயே பெரிய உதாரணம் செலஞ்சர் விண்கலம். 1986 ஜனவரி 27 இரவு, அடுத்த நாள் கடும் குளிர் எண்டு தெரிஞ்சு, ரொக்கட் செஞ்ச மோர்டன் தியோக்கோல் கொம்பனி இஞ்சினியர்மார் தொலைபேசிக் கூட்டத்தில ஏவ வேணாம் எண்டு சொன்னாங்க. நாசா ஆக்களோட வாக்குவாதம் வந்து, கடைசியில கொம்பனி மேலாளர்மாரே முடிவ மாத்திட்டாங்க. 28ம் திகதி மேல போய் 73 செக்கனில வெடிச்சு 7 பேரும் போயிட்டாங்க.

அந்த இஞ்சினியர்மாருக்கு விசயம் தெரியும், வெப்பநிலை குறைஞ்சா ஓ-ரிங் எண்ட இறப்பர் வளையம் இறுகி ஒழுங்கா மூடாது எண்டு. ஆனா அண்டைக்கு மேசையில இருந்த டேட்டாவில பழுது வந்த பயணங்களத்தான் பாத்தாங்க, அத மட்டும் பாத்தா குளிர்லயும் பழுது, சூட்டிலயும் பழுது, ஒரு தொடர்பும் தெரியாது. புறகு விசாரணைக் கமிஷன் பழுதே வராத பயணங்களையும் சேர்த்துப் பாத்திது: 63 பாகை பரனைட்டிலயோ அதுக்குக் கீழயோ போன 4 பயணத்தில 4லயும் பழுது, 66லயோ அதுக்கு மேலயோ போன 20ல 3ல மட்டும். எங்கட கணக்கில அந்த எல்லை 17க்கும் 19க்கும் இடையில, பாகை செல்சியஸ்ல. ஏவின நாள் அத விட எவ்வளவோ குளிர். ஒரு சின்னப் படத்தில போட்டிருந்தா ஆருக்கும் விளங்கியிருக்கும், அதுக்குப் புறகும் மேலிடம் கேட்டிருக்குமா எண்டது வேற கதை, நெருக்குதல் அப்பிடி இருந்தது.

லீசிங்குக்கும் இதேதான், தவணை நிண்ட ஆக்கள மட்டும் ஆராஞ்சு "இவங்கள்ல கூடப் பேர் இளம் பொடியன்மார்" எண்டு சொல்ல முதல், ஒழுங்காக் கட்டுறவங்கள்ல எத்தின பேர் இளம் பொடியன்மார் எண்டு பாருங்க.

எந்த சார்ட் நல்லம்?

பார் சார்ட். இல்லாட்டி கோட்டுச் சார்ட். கிளீவ்லாண்ட், மக்கில் எண்ட ரெண்டு ஆய்வாளர்மார் 1984லயே பரிசோதிச்சுக் காட்டிட்டாங்க, ஒரே அடிக்கோட்டில நிக்கிற நீளத்தக் கண்ணு சரியா ஒப்பிடும், கோணத்த ஒப்பிடுறதில பிழைக்கும், அதால பை சார்ட்ட விடுங்க. பார் சார்ட் பூச்சியத்தில தொடங்கணும், இல்லாட்டிச் சின்ன வித்தியாசம் மலையாத் தெரியும். ரெண்டு பக்கம் ரெண்டு அளவுகோல் வைச்ச சார்ட் வேணவே வேணாம், அதில எதயும் எதோடயும் சேர்ந்து ஏறுற மாதிரிக் காட்டலாம். சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில வைக்காதீங்க, ஆம்பிளைகள்ல அந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்க ஏலாதவங்க கொஞ்சப் பேர் இல்ல, டயரெக்டர் மேசையில எங்கட ஊர்ல கூட இருக்கிறது ஆம்பிளைகள்தான் (அது வேற கதை). தலைப்பு "மாதாந்த விற்பனை" எண்டு இருக்கக் கூடாது, "செங்கலடிப் பிராஞ்சில 3 மாசமா விற்பனை இறங்குது" எண்டு கண்டுபிடிச்சதே தலைப்பா இருக்கணும்.

டிஸ்கவுண்ட் போட்டதாலதான் கூடினது எண்டு மார்க்கட்டிங் மனேஜர் சொல்லுறார், எனக்கு அப்பிடித் தெரியல்ல. எல்லாருக்கும் முன்னால எப்பிடிச் சொல்லுற?

பாசிக்குடாவில ஒரு ஹோட்டல் மே மாசம் டிஸ்கவுண்ட் போட்டா ஜூன், ஜூலையில ஆக்கள் கூடுவாங்க. டிஸ்கவுண்ட் போடாட்டியும் கூடுவாங்க, அந்தப் பக்கம் கடல் அமைதியா இருக்கிற காலமே அதுதான். இதச் சொல்ல "தொடர்பு வேற காரணம் வேற" எண்டு பாடம் எடுக்கத் தேவையில்ல, ஒரு கேள்வி கேளுங்க: "டிஸ்கவுண்ட் போடாம விட்டிருந்தா எத்தின அறை நிறைஞ்சிருக்கும் எண்டு எப்பிடிப் பாக்கலாம்?" போன வருசம் அதே மாசம் டிஸ்கவுண்ட் இல்லாம எவ்வளவு? ஒரு வகை அறைக்குப் போட்டு மற்ற வகைக்குப் போடாம விட்டா என்ன? அடுத்த சீசனுக்கு அப்பிடிச் செஞ்சு பாப்பம் எண்டு முடிச்சா மனேஜருக்கும் முகம் போகாது, உங்களுக்கும் அடுத்த வருசம் ஒழுங்கான டேட்டா கிடைக்கும்.

முதலாளிக்குப் பிடிக்காத முடிவு வந்திட்டு. முதலாளிட மகன் தொடங்கின பிராஞ்தான் நட்டம்.

கூட்டத்தில முதல்தரமா உடைக்காதீங்க. முந்தின நாளே தனியப் போய், முதல் மகனிட்ட, மறுகா முதலாளியிட்ட சொல்லுங்க. "நானா, இப்பிடி ஒரு இலக்கம் வந்திருக்கு, நான் ஏதும் விட்டிருக்கனா எண்டு பாருங்க" எண்டு கேட்டா பாதி நேரம் உங்களுக்குத் தெரியாத ஒரு விசயம் வெளியில வரும், வேற பிராஞ்சுக்குப் போன சாமான் இதில செலவா விழுந்திருக்கும், அப்பிடி ஏதாவது. அப்பிடியும் நட்டம் நட்டம்தான் எண்டா இலக்கத்த மாத்தாதீங்க. சொல்லுற விதத்த மாத்தலாம். "பிராஞ்ச மூடணும்" எண்டதுக்கு முதல் "வாடகை இந்த அளவுக்கு இறங்கினா நட்டம் நிக்கும்" எண்ட இலக்கத்தையும் எடுத்துக் கொண்டு போங்க.

"ஓமா இல்லையா, ஒண்டச் சொல்லு" எண்டு நெருக்கினா?

ஓம் எண்டோ இல்ல எண்டோ சொல்லுங்க, மறுகா எவ்வளவு பிழைக்கலாம் எண்டு சொல்லுங்க. மட்டக்களப்பில மழைய நம்பி விதைக்கிற போடியாருக்கு நிச்சயமில்லாத விசயத்தில காசு போடுறது ஒரு புதினமே இல்ல, அவர் எரிச்சல்படுறது நீங்க மழுப்பினா மட்டும்தான்.

வீச்சச் சொல்லுறதில ஒரு சூட்சுமம் இருக்கு. "கிழமைக்கு 400ல இருந்து 700 மூடை வரும்" எண்டு மட்டும் சொன்னா அது மழுப்பல். "குறைஞ்சது 400, கூடினா 700, ஆனா இப்ப இருக்கிற லொறி 350தான் ஏத்தும், அதால எது வந்தாலும் இன்னொரு லொறி வேணும்" எண்டு சொன்னா அந்த வீச்சு ஒருத்தரையும் உறுத்தாது. வீச்சுக்குள்ள எங்கயாவது முடிவு மாறுது எண்டாத்தான் கதைக்க வேண்டியிருக்கு, அப்ப அந்த மாறுற இடத்தச் சொல்லுங்க, "550க்கு மேல போனா வாங்குறது லாபம், கீழ எண்டா வாடகை லொறி."

"இது எங்களுக்கு முதலே தெரியுமே" எண்டு சொல்லுறாங்க.

அடுத்த முறை சார்ட்டத் திறக்க முதல் அவங்கட கணிப்பக் கேளுங்க. "எந்தப் பிராஞ் முதலாவது எண்டு நினைக்கிறீங்க, மெடம்?" சரியாச் சொன்னா அவங்களுக்குச் சந்தோசம், பிழைச்சா உங்கட சார்ட்ட உத்துப் பாப்பாங்க.

கொழும்பு ஹெட் ஒபிஸோட சூம் மீட்டிங் எண்டா?

ஸ்லைட் இங்கிலீசில, கதை அறையில இருக்கிறவங்களுக்கு எது விளங்குதோ அதில. இலக்கத்தில மட்டும் கவனம்: இங்க கடையில எல்லாரும் இலட்சத்தில கதைப்பாங்க, கொழும்பு ரிப்போர்ட்டில மில்லியன், 15 இலட்சமும் 1.5 மில்லியனும் ஒண்டெண்டு தெரிஞ்சாலும் அவசரத்தில வாய் தடுமாறும், அதால ஸ்லைட் முழுக்க ஒரே அலகு. அரைவாசிப் பேர் போன்ல பாப்பாங்க, எழுத்தப் பெருசாப் போடுங்க. லைன் வெட்டினாத் தேவைப்படும், பீடிஎஃப்ப முந்தியே வட்ஸ்அப்பில போட்டு வைங்க.

மீட்டிங் முடிஞ்சாப் புறகு?

அண்டைக்கே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்க: என்ன முடிவு, ஆர் செய்யிற, எந்தத் திகதி, சரியா நடந்ததா எண்டு எந்த இலக்கத்தப் பாத்துத் தெரிஞ்சு கொள்ளுற. அமேசன்ல ஜெஃப் பெசோஸ் 2004லயே மேல்மட்டக் கூட்டத்துக்குப் பவர்பொயின்ட் வேணாம் எண்டு நிப்பாட்டிட்டு, 6 பக்கத்துக்கு வசனமா எழுதிக் கொண்டு வரச் சொன்னார், கூட்டம் தொடங்கும்போது எல்லாரும் சத்தமில்லாம அத வாசிப்பாங்களாம். எங்கட முதலாளிமாரிட்ட 6 பக்கம் குடுத்தா என்ன நடக்கும் எண்டு உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் வாசிப்பாங்க.

டாஷ்போர்ட்ட நேரடியாத் திறந்து காட்டலாமா?

காட்டலாம், ஆனா ஃபில்டர் எல்லாம் முதலே போட்டு, அதே திரையிட ஸ்கிரீன்ஷொட் ஒண்டையும் ஸ்லைட்டுக்குள்ள வைச்சுக் கொண்டு போங்க, சேர்மனுக்கு முன்னால பாஸ்வேர்ட் அடிச்சுக் கொண்டு நிக்க வேணாம்.